மாஸ்டர் வாய் திறக்காத இருபது நாள்

திருத்தங்கல்லில் முனியராஜின் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பகலில் அவர் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். மாலை ஆறரைக்கு மேல் கராத்தே மாஸ்டர். வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, இருபது இருபத்தைந்து பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக நிற்பார்கள். தரையில் எப்போதும் லேசாகச் சாம்பார் வாசம் இருக்கும். முனியராஜ் ஜப்பானிய எண்களில் “இச்சி! நீ! சான்!” என்று எண்ணத் தொடங்கினால், எதிர்த் தெருவில் கட்டிக் கிடக்கும் மாடுகள் காதை விடைத்துக்கொள்ளும்.

அவர் கெட்ட மனிதரில்லை. வீட்டில் மனைவி ராமுத்தாயிடம் அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். சுவரில் சிலந்தி தெரிந்தால் அடிக்காமல் தாளில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுவார். ஆனால் கறுப்பு பெல்ட்டை இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டதும் வேறு ஆளாகிவிடுவார். “எருமை”, “தண்டம்”, “சோத்துக்குக் கேடு” என்று சொற்கள் வந்து விழும். தவறு செய்தால் ஐம்பது தோப்புக்கரணம். பயம் இருந்தால்தான் கை கால் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று அவர் நம்பினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவரிடம் மூன்று பெண்கள் கொண்ட ஓர் அணி இருந்தது. முத்துப்பேச்சிக்கு இருபத்திரண்டு வயது. ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். மாரிசெல்வி கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஓவியா பிளஸ் ஒன். மாரிசெல்வி பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மாஸ்டர் இல்லாத நேரத்தில் மட்டும்.

இந்த மூவரும் செய்வது அணி கட்டா. கட்டா என்றால் எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அடி, தடுப்பு, உதை, திரும்பல் என்று வரிசை தவறாமல் செய்வது. அணி கட்டாவில் முன்னால் ஒருத்தி, பின்னால் இரண்டு பேர் என்று முக்கோணமாக நின்று மூவரும் ஒரே ஆளைப்போல அசைய வேண்டும். போட்டியில் யாரும் எண்ணிக்கொடுக்கக்கூடாது. காலைத் தட்டிச் சைகை காட்டினாலும் மதிப்பெண் குறையும்.

அங்கேதான் சிக்கல். நாலு வருடமாக மாஸ்டரின் எண்ணிக்கைக்குப் பழகிய கால்கள் அவை. போன வருடம் மாவட்டப் போட்டியில் அந்த மூவரும் மேடையேறியபோது கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மூன்று பேரும் மூன்று திசைக்குப் போனார்கள். எட்டு அணிகளில் ஏழாவது இடம். எட்டாவதாக வந்த அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல். திரும்பி வரும் பஸ்ஸில் முனியராஜ் திருத்தங்கல் வரை திட்டிக்கொண்டே வந்தார். ஓவியா அழுதுகொண்டே வந்தாள். கண்டக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இந்த வருடப் போட்டி 2006 டிசம்பர் பத்தாம் தேதி என்று அறிவித்திருந்தார்கள். அச்சகத்தில் அது காலண்டர் சீசன். தினசரிக் காலண்டர் தாள்கள் லட்சக்கணக்கில் ஓடும். முனியராஜ் பகல் முழுவதும் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திவிட்டு, மாலையில் பிள்ளைகளிடம் கத்துவார். நவம்பரில் ஒரு மாலை, “முட்டி! முட்டிய மடக்கு!” என்று கத்தியவர் மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று போவதைப் போன்ற ஒரு சத்தம். இது ஏதோ புதுத் தண்டனை என்று நினைத்துப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் முட்டியை மடக்கியபடியே நின்றார்கள்.

மறுநாள் விருதுநகரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ராமுத்தாய் அழைத்துப் போனாள். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார்.

“எத்தனை வருசமா கத்துறார்?”

“பகல்ல மெசினோட பதினாறு வருசம் சார். சாயந்தரம் பிள்ளைககூட ஒம்பது வருசம்” என்றாள் ராமுத்தாய்.

“குரல் நாண் வீங்கிப் போயிருக்கு. இருபது நாள் ஒரு சொல் பேசக்கூடாது. ரகசியம் பேசுற மாதிரி கிசுகிசுக்கவும் கூடாது. மீறினா ஆபரேஷன்தான்.”

பஸ் ஸ்டாண்டில் முனியராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். அச்சுப் பிசகி ஒதுக்கிய தாள்களை எழுதுவதற்காக வைத்திருப்பார். அதன் பின்பக்கம், ‘போட்டி?’ என்று எழுதினார்.

“அதுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் கெடக்கு. இருபது போனா எட்டு நாள் மிச்சம்.”

‘எட்டு நாள் காணாது. வகுப்பு நிக்கக்கூடாது. நீ வா.’

“நானா? கராத்தேயில எனக்கு என்னங்க தெரியும்?”

அவர் தாளை மடித்து வைத்துவிட்டுக் கையால் பேசினார். நான் காட்டுகிறேன், நீ சொல்லு.

அது அவளுக்கு உடனே புரிந்தது. ராமுத்தாய் அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. மையைக் குறை, வேகத்தைக் கூட்டு, தாள் கோணுது, டீ வந்தாச்சு, முதலாளி வாறார். கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் முனியராஜும் அவளும் மெஷினுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கையால்தான் பேசிக்கொண்டார்கள். கல்யாணமான பிறகுதான் அவர் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்தது.

மறுநாள் மாலை வேலை முடிந்து அப்படியே மண்டபத்துக்குப் போனாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டு, முனியராஜ் பெல்ட்டைக் கட்டினார். பிள்ளைகள் குனிந்து வணங்கினார்கள். அவளையும் சேர்த்து வணங்கியதில் ராமுத்தாய்க்குக் கூச்சமாகப் போயிற்று. சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கம் பழகத் தொடங்கியதும் மூன்று பெண்களும் முன்னால் வந்து முக்கோணமாக நின்றார்கள்.

நாலு அசைவு முடிவதற்குள் முனியராஜ் கையைத் தூக்கி நிறுத்தினார். முத்துப்பேச்சியின் முட்டியைச் சுட்டினார். தாளைக் கசக்கித் தோளுக்குப் பின்னால் எறிவதைப் போலக் காட்டினார். அச்சகத்தில் அதற்குப் ‘பாழ்’ என்று அர்த்தம். பிறகு இரண்டு விரலைத் தலையில் வைத்துக் கொம்பு காட்டினார். கடைசியாக நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவ்வளவும் ராமுத்தாய்க்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தவள் முத்துப்பேச்சியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. கண் தரையில் இருந்தது. பைண்டிங் பிரிவில் சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் புதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் விதம் அது. ராமுத்தாயும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

“முட்டி இன்னுங் கொஞ்சம் மடங்கணுமாம்” என்றாள். கொம்பும் தலையடியும் இன்னும் மிச்சம் இருந்ததால், “இடுப்பு நல்லா நிக்குதாம்” என்று சேர்த்துக்கொண்டாள்.

முத்துப்பேச்சி நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள். நாலு வருடத்தில் அவளிடம் ஏதோ ஒன்று நல்லா இருக்கிறது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தோள் மெல்ல இறங்கியது. முட்டி தானாக மடங்கியது. மாஸ்டர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அதே அளவுக்கு மடங்கியது.

முனியராஜ் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு முட்டியைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் அடுத்த அசைவுக்குப் போனார்.

அன்றைக்கு முழுவதும் அப்படியே நடந்தது. அவர் கசக்கி எறிந்தார். அவள், “ஒருக்கா கூடச் செய்யணுமாம்” என்றாள். அவர் கொம்பு காட்டினார். அவள், “அவசரமில்லையாம், நிதானமா வரட்டுமாம்” என்றாள். அவர் வயிற்றைத் தட்டி, வாயருகே சோற்றைப் பிசைந்து கொண்டுபோய், கையை விரித்தார். ‘தின்கிற சோறெல்லாம் எங்கே போகிறது’ என்பது அதற்கு அர்த்தம். அவள், “நல்லாச் சாப்பிட்டுட்டு வரணுமாம்” என்றாள்.

வீட்டுக்குப் போனதும் முனியராஜ் காலண்டர் தாளில் அழுத்தி எழுதினார். ‘நான் சொன்னது அது இல்லை.’

“நீங்க சொன்னதத்தாங்க சொன்னேன்” என்றாள் ராமுத்தாய், அரிசியைக் களைந்துகொண்டே. “என்ன, கொஞ்சம் ஓரத்த வெட்டிட்டுச் சொன்னேன். அச்சடிச்ச தாள அப்படியேவா காலண்டர்ல கட்டுறோம்? நாலு ஓரமும் வெட்டினாத்தான அழகு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் தொண்டை கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்கினார். ஆனாலும் அடுத்த தாளில், ‘பிள்ளைகள் கெட்டுப்போகும்’ என்று எழுதி நீட்டினார்.

“அந்த முட்டி மடங்கிச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் எண்ணிக்கையில் சிக்கல் வந்தது. மாஸ்டர் கை தட்டிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் போடும் சத்தத்தில் அது கேட்கவில்லை. ராமுத்தாயை எண்ணச் சொன்னார். ஜப்பான் எண் அவளுக்குத் தெரியாது. “ஒண்ணு, ரெண்டு” என்று தமிழில் தொடங்கினாள். எண்ணிப் பழக்கமெல்லாம் பைண்டிங்கில் தாள் எண்ணிய பழக்கம்தான். அங்கே ஐந்தைந்தாக, கை ஓடுகிற வேகத்தில் எண்ண வேண்டும். மூச்சு விடுவதற்குள் இருபதுக்குப் போய்விட்டாள். மூன்று பெண்களும் காற்றில் கை கால்களை வீசிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பதினெட்டாவது அசைவில் ஓவியா சுற்றிய சுற்றில் முத்துப்பேச்சி மேல் மோதினாள். முத்துப்பேச்சி மாரிசெல்வியைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் சாம்பார் மணக்கும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாரிசெல்வி முதலில் சிரித்தாள். பேசாத பெண்ணின் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

“அக்கா, நீங்க எண்ண வேண்டாம்க்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று ஓவியா கையெடுத்துக் கும்பிட்டாள். “நாங்களே எப்பிடியாவது பாத்துக்கிடுதோம்.”

எப்படியாவது பார்த்துக்கொள்வது எளிதாக இல்லை. முதல் இரண்டு நாள் ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள். ஆனால் முன்பெல்லாம் தவறியதும் மூன்று பேரும் மாஸ்டர் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது ஒருவரையொருவர் பார்த்தார்கள். “ஏ புள்ள, உதைக்கு முன்னாடி கொஞ்சம் நில்லு”, “எனக்கு அங்கன திரும்பும்போது ஒன் தோள் தெரியல” என்று பேச்சு வந்தது. முனியராஜ் மடித்து வைத்த சாப்பாட்டு மேசை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. ஒன்பது வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கத்துகிற நேரத்தில் பார்க்க ஏது நேரம்?

எட்டாம் நாள் முத்துப்பேச்சி அரைமணி நேரம் தாமதமாக ஓடிவந்தாள். வந்த வேகத்தில் மூலைக்குப் போய்க் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினாள். முனியராஜ் கையைக் காட்டி நிறுத்தினார். ஏன் தாமதம் என்று விரலைச் சுழற்றிக் கேட்டார்.

“என்ன ஆச்சு புள்ள?” என்றாள் ராமுத்தாய். இந்தத் தடவை அவள் எதையும் மாற்றவில்லை.

வழக்கமாக முத்துப்பேச்சி, வேன் பஞ்சர், அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்வாள். அன்றைக்கு என்னவோ உண்மையைச் சொன்னாள்.

“கம்பெனி வேன் நேரத்துக்கு வந்துருச்சுக்கா. நாந்தான் எறங்கி ரோட்டுலயே நின்னேன். வரணுமா வேண்டாமான்னு இருந்துச்சு.”

“ஏன்?”

“எனக்கு முன்னால நிக்கப் பயமா இருக்கு. பின்னால ரெண்டு பேரும் கூட வாறாகளா இல்லையான்னே எனக்குத் தெரியாது. போன வருசம் மேடையில நின்னப்போ தனியா நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அதுலதான் கால் மறந்துபோச்சு. மூத்தவன்னு மாஸ்டர் என்னய முன்னால நிறுத்திட்டாக. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

சொல்லிவிட்டு அவள் பயந்து மாஸ்டரைப் பார்த்தாள். போன வருடத் தோல்விக்கு அவர் நூறு காரணம் யோசித்திருக்கிறார். இந்தக் காரணம் அவருக்குத் தெரியாது. அதை ஒரு வருடமாக அவரிடம் சொல்ல முடியாத ஒரு பெண் அவருக்கு முன்னால்தான் நின்றிருக்கிறாள்.

அவர் எழுந்து வந்தார். முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்து மெல்லப் பின்வரிசைக்கு நகர்த்தினார். மாரிசெல்வியைக் கையைக் காட்டி அழைத்து முன்னால் நிறுத்தினார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்துக் காட்டினார். மாரிசெல்வியைச் சுட்டினார். பின்னால் நிற்கும் இருவரின் நெஞ்சைச் சுட்டினார். கடைசியாகத் தன் கண்ணைத் தொட்டு இரண்டு விரலைக் காட்டினார்.

இது அச்சகத்துச் சைகை இல்லை. ராமுத்தாய் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். “திரும்புறதுக்கு முன்னாடி மாரிசெல்வி ஒரு மூச்சு இழுக்காளாம். அது அவளுக்கே தெரியாதாம். நீங்க ரெண்டு பேரும் அத வச்சுத்தான் இப்பம்லாம் திரும்புறீகளாம். ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டே இருக்காராம்.”

“மெய்யாவா?” என்றாள் ஓவியா.

மாரிசெல்வி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டாள்.

செய்து பார்த்தார்கள். முன்னால் நிற்பவள் சொல்லும் வழக்கப்படி மாரிசெல்வி கட்டாவின் பெயரைச் சொன்னாள். முதல் திரும்பல், முதல் அடி. மூன்று உடைகளின் ‘சடக்’ என்ற சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. கடைசியான இருபத்தொன்றாவது அசைவு வரை அப்படியே போனது. முடித்ததும் பழகிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே கை தட்டினார்கள். முனியராஜ் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அதற்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாலை ஆறரை ஆவதற்கு முன்பே மூவரும் வந்துவிடுவார்கள். முத்துப்பேச்சி கம்பெனி வேனிலிருந்து விரல் நுனியில் பசையோடு நேரே ஓடிவருவாள். மண்டபத்துச் சமையல்காரர் மிச்சமிருந்த கேசரியை வாழை இலையில் வைத்துக் கொடுப்பார். மாஸ்டரையும் நடுவில் உட்காரவைத்துத் தின்பார்கள். பதினைந்தாம் நாள் வாக்கில் முனியராஜ் ஓவியாவைப் பார்த்து விரலால் இரண்டு நீளக் காது காட்டினார். ராமுத்தாய் சொல்ல வாயெடுப்பதற்குள் ஓவியா முந்திக்கொண்டாள்.

“அக்கா, மாஸ்டர் ‘கழுத’ன்னுதான சொன்னாக?”

ராமுத்தாய் திகைத்தாள். “இல்ல, அது வந்து…”

“எங்களுக்கு மொத வாரத்துலயே தெரியும்க்கா. கொம்புன்னா எரும. நெத்தியில அடிச்சா தலையெழுத்து. நீங்க என்ன சொல்லிச் சமாளிக்கீகன்னு பாக்குறதுக்காகவே நாங்க பேசாம இருந்தோம்.”

முத்துப்பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராமுத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முனியராஜ் ஓவியாவைப் பார்த்து மறுபடியும் நீளக் காது காட்டிவிட்டு, தன்னைச் சுட்டிக்காட்டி அதைவிட நீளமான காது காட்டினார்.

இருபது நாள் முடிந்தது. விருதுநகர் டாக்டர் பார்த்துவிட்டு, “வீக்கம் வடிஞ்சிருச்சு. அளவாப் பேசுங்க” என்றார். முனியராஜ் பஸ்ஸில் ஏறியதும் முதல் காரியமாக, “ராமு” என்று கூப்பிட்டுப் பார்த்தார். குரல் இருந்தது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் முழுசாக இருந்தது. வழிநெடுக ஊர்ப்பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். மூவரும் ஆவலாகப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. தயாராகு என்பதற்கு ஜப்பானில் ‘யோய்’ என்பார்கள். அதை நெஞ்சு நிறைந்த அளவுக்கே விட்டார்.

“யோய்!”

சுவரோரம் அடுக்கிய மேசைகள் அதிர்ந்தன. மூன்று பெண்களின் தோள்களும் ஒரே நேரத்தில் காது வரை ஏறின. முத்துப்பேச்சி தலை குனிந்தாள். மாரிசெல்வி கட்டாவின் பெயரைச் சொல்லிவிட்டு முதல் திரும்பலிலேயே இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் திரும்பினாள். பின்னால் இருந்த இருவரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இருபது நாளில் கட்டியதெல்லாம் ஒரு சத்தத்தில் கலைந்துபோயிற்று.

முனியராஜுக்கு வாயில் அடுத்த சொல் வந்து நின்றது. ‘எரு’ வரைக்கும் வந்தது. அவர் அதை விழுங்கினார். கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ராமுத்தாய் அங்கேதான் நின்றிருந்தாள். அவர் திரும்பி வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர்களையும் உட்காரச் சொன்னார்.

“நான் பளகுன காலத்துல எங்க மாஸ்டர் பிரம்பு வச்சிருப்பாரு” என்றார். “எனக்குப் பெல்ட் கெடச்சுது, கப்பு கெடச்சுது. ஆனா ஒரு நாள் கூட நான் சந்தோசமா விளையாடுனதில்ல. போட்டி முடிஞ்சா அப்பாடான்னு இருக்கும், அம்புட்டுதான். ஒங்களயும் நான் அப்பிடியேதான் வச்சிருந்திருக்கேன். இந்த இருவது நாள்தான் எனக்கே தெரிஞ்சுது.” கொஞ்ச நேரம் தொண்டையைத் தடவினார். “இனிமே எப்பிடிப் பேசணும்னு எனக்கு வரல. நீங்களே சொல்லுங்க.”

மாரிசெல்வி விரலால் தரையில் கோடு போட்டாள். ஓவியாதான் தொண்டையைச் செருமினாள்.

“மாஸ்டர், சத்தமே போட வேண்டாம்னு நாங்க சொல்லல. நல்லாச் செஞ்சா சத்தம் போடுங்க. தப்பாச் செஞ்சா கிட்ட வந்து மெதுவாச் சொல்லுங்க. இப்பம் நீங்க மாத்திச் செய்தீக.”

“நல்லாச் செஞ்சா என்னன்னு சத்தம் போட?”

“அதையும் நாங்களா சொல்லணும்?”

அவர் அதையும் பழகத்தான் வேண்டியிருந்தது. முதல் நாள், “ம்… பரவாயில்ல!” என்று பெருங்குரலில் கத்தினார். அது திட்டைப் போலவே இருந்தது என்று பெண்கள் சொன்னார்கள். “சபாசு” என்பது அவர் வாயில் ஒட்டவில்லை. மூன்றாம் நாள், ஓவியாவின் உதை தலைக்கு மேல் சுத்தமாகப் போனபோது அவரை அறியாமல், “அடி சக்கை!” என்று வந்தது. அதுவே நிலைத்தது. தவறு வந்தால் பக்கத்தில் போய்க் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு ராமுத்தாய்க்குச் சிரிப்பாக வந்தது. வீட்டில் பேசுகிற குரல் அது.

டிசம்பர் பத்து ஞாயிற்றுக்கிழமை. விருதுநகரில் ஒரு பள்ளியின் உள்ளரங்கம். ராமுத்தாயும் கூடப் போனாள். எட்டு அணிகள். போன வருடத்தைப் போல மதிப்பெண் வரிசை இல்லை; இந்த முறை இரண்டிரண்டு அணியாக மோத வேண்டும். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். ஐந்து நடுவர்கள் கொடி தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள்.

முதல் சுற்றில் ஐந்து கொடியும் இவர்களுக்கே வந்தன. போன வருடம் இவர்களைப் பார்த்த ஒருவர் பெயர்ப் பட்டியலை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

அரையிறுதியில்தான் அது நடந்தது. நடுவில் ஒரு வேகமான திரும்பல். கூட்டத்தில் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தத்தில் ஓவியா அரை மூச்சு முந்திவிட்டாள். கீழே உட்கார்ந்திருந்த முனியராஜுக்குத் தெரிந்தது. ராமுத்தாய்க்கே தெரிந்தது. அடுத்த அசைவில் மாரிசெல்வி பின்னால் பார்க்காமலேயே வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். முத்துப்பேச்சியும் கூடவே கூட்டினாள். ஓவியா தனியாகப் போய்விடாமல் இரண்டு பேரும் அவளிடம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த உதையில் மூன்று காலும் ஒன்றாக மேலே போயின. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முனியராஜ் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று கொடி இவர்களுக்கு, இரண்டு அவர்களுக்கு.

இறுதிப் போட்டியில் எதிரே இருந்தது நாலு வருடமாகத் தங்கம் வாங்கும் அணி. அந்தப் பெண்கள் அச்சில் அடித்ததைப் போலச் செய்தார்கள். இவர்களும் தங்கள் ஆயுளிலேயே நன்றாகச் செய்தார்கள். முத்துப்பேச்சி கடைசி அடியோடு சேர்த்துப் போட்ட முழக்கத்தில் மேலே மின்விசிறியில் இருந்த புறா பறந்தது. கொடிகள் ஏறின. மூன்று அவர்களுக்கு, இரண்டு இவர்களுக்கு.

மூன்று பெண்களும் மேடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழைய பழக்கத்தில் மாஸ்டர் பக்கம் திரும்பினார்கள்.

“அடி சக்கை!”

அரங்கத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. முனியராஜ் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். “அடி சக்கை! அடி சக்கை! எம் பிள்ளைகளப் பாத்தீகளாய்யா!” தலைமை நடுவர் விரலைக் காட்டி எச்சரித்தார். முனியராஜ் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, நிமிர்ந்ததும் மறுபடியும் ஒன்று போட்டார். ராமுத்தாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “தொண்ட, தொண்ட” என்றாள். மூன்று பெண்களும் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தார்கள். கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் அவர் முன்னால் நின்றார்கள். பிறகு ராமுத்தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு அணிகளும் மாநிலப் போட்டிக்குப் போகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது முத்துப்பேச்சி மட்டும் அழுதாள். அவளுக்கே காரணம் தெரியவில்லை. பக்கத்து வரிசையில் தங்கம் வாங்கிய அணியின் மாஸ்டர், இரண்டு கொடியை ஏன் விட்டீர்கள் என்று தன் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களில் ஒருத்தி கழுத்தில் பதக்கத்தோடு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியா அவளைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் தன் மாஸ்டர் திரும்பும் நேரம் பார்த்துப் பதிலுக்கு ஆட்டினாள்.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பரோட்டா வேண்டும் என்று ஓவியா கேட்டாள். எண்ணெயில் பொரித்து எடுக்கும் விருதுநகர்ப் பரோட்டா. கடையில் ஒரு நீள மேசையில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். முதல் செட் வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. மாநிலப் போட்டிக்கு வேறு கட்டா செய்ய வேண்டும். அதில் உதைகள் அதிகம். அதனால், முன்னால் தன்னைத்தான் நிறுத்த வேண்டும் என்றாள் ஓவியா. மாரிசெல்வி, ஒரு நாளைக்கான பத்து வார்த்தையையும் தாண்டி, மூச்சு தன்னுடையதுதான் என்று வாதாடினாள். முத்துப்பேச்சி பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, “எனக்கும் ஒருக்கா முன்னால நின்னு பாக்கணும் போல இருக்கு” என்றாள். இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள்.

“நீங்க ஏதாவது சொல்லக்கூடாதா?” என்று ராமுத்தாய் கணவரைக் கேட்டாள்.

“அவுக பேசி முடிக்கட்டும்” என்றார் முனியராஜ். பிறகு கடைக்காரரைப் பார்த்து, இன்னொரு செட் கொண்டுவரச் சொன்னார்.